கோப்புக் காவலும் நினைவகக் கணக்கும்

ஒரு கணிப்பொறியின் வட்டில் 500 ஜிகாபைட்டு இடம் இருக்கிறது. அதில் பாதிகூட நிரம்பவில்லை. ஆயினும், நிரல் எழுதும் மாணவர் ஒருவர் தம் வேலையைத் தொடங்கியதும், "சாதனத்தில் இடமில்லை" என்று பொருள்படும் செய்தி திரையில் தோன்றுகிறது. அவர் பழைய படங்கள் சிலவற்றை அழிக்கிறார். மீண்டும் அதே செய்தி. இதைவிடப் பெரிய வட்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினாலும் அச்செய்தி மறையாது. இது எப்படி?

லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பைப் பயன்படுத்துவோர் பலர் கண்டு திகைத்த செய்தி இது. உண்மையில் வட்டு நிரம்பவில்லை. இயக்க அமைப்பின் உள்ளே வகுத்து வைத்திருக்கும் ஒரு வரம்புதான் நிரம்பிவிட்டது. அந்த வரம்பு எது? அதை ஏன் வைத்தார்கள்? எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிட்டார்கள்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம். இதற்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும்.

கெர்னல் என்பது யாது?

கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் இயங்குகின்றன. ஒன்று பாட்டு இசைக்கிறது. ஒன்று கடிதம் எழுத உதவுகிறது. மற்றொன்று படம் காட்டுகிறது. நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகியவற்றை இவை எல்லாம் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். இந்தப் பங்கீட்டைச் செய்யும் அடிப்படை நிரலே கெர்னல் எனப்படும். வித்தின் உள்ளே இருக்கும் பருப்பு என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். 1991ஆம் ஆண்டு, ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட கெர்னலே லினக்ஸ் ஆகும். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும், உலகின் மிகப் பல வழங்கிக் கணிப்பொறிகளிலும் இயங்குவது இதுவே.

எந்த நிரலும் வட்டை நேரடியாகத் தொடுவதில்லை. "இந்தக் கோப்பைத் திற", "இதில் எழுது", "இதை அழி" என்று கெர்னலிடம் கேட்க வேண்டும். ஆகவே, எந்தக் கோப்பை யார் எப்போது தொட்டார் என்பது கெர்னலுக்குத் தெரியாமல் போவதில்லை. இந்தச் செய்தியை மற்ற நிரல்களுக்கும் சொல்ல முடியுமா என்பதிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

கேட்டுக்கொண்டே இருப்பதா? சொல்லி வைப்பதா?

கோப்புகளில் மாற்றம் நேர்ந்தால் உடனே அறிய வேண்டிய நிரல்கள் பல உண்டு. ஓர் அடைவின் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும் நிரல், அதில் புதிய கோப்பு வந்ததும் அதையும் காட்ட வேண்டும். வீட்டுக் கணிப்பொறியிலுள்ள கோப்புகளைத் தொலைவிலுள்ள கணிப்பொறியில் நகல் எடுத்து வைக்கும் நிரல், எந்தக் கோப்பு மாறியது என அறிய வேண்டும். நிரல் எழுத உதவும் மென்பொருளும், தீங்கு செய்யும் நிரல்களைத் தேடும் மென்பொருளும் அப்படியே.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கோப்பையும் எடுத்து, "நீ மாறினாயா?" என்று நொடிக்கு ஒரு முறை பார்ப்பது. 10,000 கோப்புகள் இருந்தால், ஒரு மணி நேரத்தில் 10,000 × 3,600 = 3 கோடியே 60 இலட்சம் முறை பார்க்க வேண்டும். அந்த மணி நேரத்தில் 5 கோப்புகளே மாறியிருக்கலாம். மீதி உழைப்பு அனைத்தும் வீண். மின்கலத்தில் ஓடும் மடிக்கணினியின் மின்சாரமும் வீண்.

இரண்டாவது வழி, கெர்னலிடம் சொல்லி வைப்பது. நூலகத்துக்கு நாள்தோறும் நடந்து, "அந்தப் புத்தகம் திரும்பி வந்துவிட்டதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "வந்தால் சொல்லி அனுப்புங்கள்" என்று பெயரைப் பதிந்து வருகிறோம் அல்லவா? அதைப் போன்றதே இது. நிரல் ஒருமுறை பதிவு செய்கிறது, பிறகு உறங்கிவிடுகிறது. மாற்றம் நேரும்போது கெர்னல் அதை எழுப்பிச் செய்தி தருகிறது.

ஆனால் இங்கே ஒரு விலை இருக்கிறது. நூலகர் அந்தப் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் அல்லவா? கெர்னலும் அவ்வாறே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவேடு இருக்கும் இடம் நினைவகம்.

டிநோட்டிஃபையும் ஐநோட்டிஃபையும்

லினக்ஸில் இவ்வசதி முதலில் 'டிநோட்டிஃபை' என்ற பெயரில் வந்தது. 2001 ஜனவரியில் வெளியான 2.4 என்னும் கெர்னல் பதிப்பில் அது இடம் பெற்றது. அதில் சில குறைகள் இருந்தன. கண்காணிக்க வேண்டிய ஒவ்வோர் அடைவையும் நிரல் திறந்தே வைத்திருக்க வேண்டும். திறந்த அடைவு ஒரு குறுவட்டில் இருந்தால் அந்தக் குறுவட்டை வெளியே எடுக்க முடியாது! மேலும், அடைவில் ஏதோ மாறியது என்று மட்டும் தெரியும். எந்தக் கோப்பு என்று தெரியாது.

இக்குறைகளை நீக்க ஜான் மெக்கட்சன், ராபர்ட் லவ் ஆகியோர் 'ஐநோட்டிஃபை' என்ற புதிய முறையை உருவாக்கினர். 2005 ஆகஸ்டில் வெளிவந்த 2.6.13 பதிப்பில் அது சேர்ந்தது. இன்றும் மிகுதியாகப் பயன்படுவது இதுவே.

ஐநோட்டிஃபையில் நிரல் செய்யும் வேலை மூன்று. முதலில், தனக்கென ஒரு செய்திப் பெட்டியைக் கெர்னலிடம் கேட்டுப் பெறுகிறது. அடுத்து, "இந்த அடைவுக்குக் காவல் வை" என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. பின்னர், பெட்டியில் வந்து விழும் செய்திகளைப் படிக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் 16 பைட்டு கொண்ட தலைப்பு உண்டு. எந்தக் காவலில் நிகழ்ந்தது, என்ன நிகழ்ந்தது என்பன அதில் இருக்கும். அதன் பின்னே கோப்பின் பெயர் வரும்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. ஓர் அடைவுக்கு வைத்த காவல், அதன் உள்ளே இருக்கும் கிளை அடைவுகளுக்குப் பொருந்தாது. கிளை ஒவ்வொன்றுக்கும் தனிக் காவல் வேண்டும். பெரிய மென்பொருள் ஒன்றின் மூல நிரல்கள் பல்லாயிரம் அடைவுகளில் பரவிக் கிடக்கும். அப்படியானால் பல்லாயிரம் காவல்கள் தேவை.

ஒரு காவலின் விலை என்ன?

வட்டிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்ற குறிப்பு ஒன்று உண்டு. கோப்பின் அளவு, உடைமையாளர், கடைசியாக மாறிய நேரம், வட்டில் அது இருக்கும் இடம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். கோப்பின் பெயர் மட்டும் அதில் இராது. அது அடைவில் இருக்கும். அடைவும் ஒருவகைக் கோப்பே என்பதால் அதற்கும் ஐநோடு உண்டு.

ஒரு கோப்பைப் பயன்படுத்தும்போது, கெர்னல் அதன் ஐநோடை வட்டிலிருந்து நினைவகத்துக்கு எடுத்து வருகிறது. வேலை முடிந்த பின்னும், மீண்டும் தேவைப்படலாம் என்று அதை வைத்திருக்கிறது. நினைவகத்தில் நெருக்கடி ஏற்பட்டால், பயன்படாத ஐநோடுகளை நீக்கி இடத்தை மீட்டுக்கொள்கிறது. வட்டில் மூலம் இருப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை.

இப்போது அந்த ஐநோடுக்குக் காவல் வைக்கிறோம் என்க. இரண்டு செலவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, காவலைக் குறிக்கும் சிறு பதிவு. மற்றொன்று பெரியது. காவல் வைத்த ஐநோடை நினைவகத்திலிருந்து நீக்க முடியாது! அதை நீக்கினால், அதனோடு கட்டிய காவல் பதிவும் தன் பிடியை இழந்துவிடும். ஆகவே காவல் இருக்கும் வரையில் அந்த ஐநோடு நினைவகத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது.

கெர்னல் பயன்படுத்தும் நினைவகத்துக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. சாதாரண நிரல் ஒன்றின் நினைவகத்தை, நெருக்கடி வந்தால் வட்டுக்கு மாற்றி வைக்கலாம். மிகவும் முற்றினால் அந்த நிரலையே நிறுத்தலாம். லினக்ஸில் கெர்னலின் சொந்தப் பதிவேடுகளை அவ்வாறு வட்டுக்கு மாற்ற முடியாது. அவை நினைவகத்திலேயே இருக்கும். எனவே, அங்கே செலவாகும் ஒவ்வொரு பைட்டும் மற்ற எல்லா நிரல்களுக்கும் குறைகிறது.

வரம்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பல பேர் பயன்படுத்தும் ஒரு கணிப்பொறியில், ஒருவர் மட்டும் கோடிக்கணக்கான காவல்களை வைத்தால், மற்றவர்களின் நிரல்கள் நினைவகமின்றித் தவிக்கும். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. காவலை வைத்துவிட்டு எடுக்க மறந்த ஒரு நிரல் போதும். எனவேதான் வரம்பு வேண்டியதாயிற்று.

8,192 என்ற எண்

2005இல் ஐநோட்டிஃபை வந்தபோதே மூன்று வரம்புகள் வைக்கப்பட்டன. ஒரு பயனர் வைத்துக்கொள்ளக்கூடிய செய்திப் பெட்டிகள் 128. அவர் வைக்கக்கூடிய காவல்கள் மொத்தம் 8,192. ஒரு பெட்டியில் படிக்கப்படாமல் காத்திருக்கக்கூடிய செய்திகள் 16,384. 128 என்பது 2இன் 7ஆம் அடுக்கு. 8,192 என்பது 13ஆம் அடுக்கு. 16,384 என்பது 14ஆம் அடுக்கு. இவை தொடக்க மதிப்புகளே. கணிப்பொறியை நிர்வகிப்பவர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் கண்ட புதிருக்கு விடை இப்போது கிடைத்துவிட்டது. மாணவரின் நிரல், அடைவுகள் அனைத்துக்கும் காவல் வைக்க முயன்றது. 8,192 காவல்கள் முடிந்ததும், அடுத்த காவலைக் கெர்னல் மறுத்தது. மறுக்கும்போது ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தர வேண்டும். காவல் வரம்புக்கென்று தனிப் பிழை எண் கிடையாது. ஆகவே யூனிக்ஸ் காலத்திலிருந்து வழங்கிவரும் 28 என்ற எண்ணைத் தந்தது. 'சாதனத்தில் இடமில்லை' என்பது அந்த எண்ணுக்குரிய வாசகம். நிரல் அந்த வாசகத்தை அப்படியே திரையில் காட்டிவிட்டது. இடமில்லாமல் போனது காவல் பதிவேட்டில். மாணவர் தேடியதோ வட்டில்.

1 விழுக்காடு கணக்கு

2005இல் வீட்டுக் கணிப்பொறிகளில் 256 அல்லது 512 மெகாபைட்டு நினைவகம் இருப்பது வழக்கம். அக்காலத்துக்கு 8,192 காவல்கள் ஏற்றவையாக இருந்தன. ஆண்டுகள் சென்றன. நினைவகம் 8 ஜிகாபைட்டு, 16 ஜிகாபைட்டு என்று வளர்ந்தது. மென்பொருள்களின் அடைவுகளும் பெருகின. ஆனால் வரம்பு மட்டும் 8,192ஆகவே நின்றது. பல மென்பொருள்கள், "எங்களைப் பயன்படுத்தும் முன் இந்த வரம்பை 5,24,288 ஆக உயர்த்திக்கொள்க" என்று தம் பயனர்களுக்கு அறிவுரை கூற வேண்டியதாயிற்று.

2021 பிப்ரவரியில் வெளியான 5.11 பதிப்பில் இதற்குத் தீர்வு வந்தது. மாற்றத்தை எழுதியவர் வெய்மன் லாங் என்ற பொறியாளர். வேறொரு பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பது எளிது. அவ்வாறு செய்தால், சிறிய கணிப்பொறிக்கு அது மிகையாகும். பெரிய கணிப்பொறிக்குச் சில ஆண்டுகளில் மீண்டும் போதாமல் போகும். எனவே அவர் எண்ணுக்குப் பதிலாக ஒரு விகிதத்தைக் கொடுத்தார். ஒரு பயனரின் காவல்கள் அனைத்தும் சேர்ந்து, கெர்னல் பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் 1 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதே அந்த விதி.

இதற்கு ஒரு காவலின் விலை தெரிய வேண்டும். காவல் பதிவின் அளவு கெர்னலுக்குத் தெரியும். ஐநோடின் பொது அளவும் தெரியும். ஆனால் ஒவ்வொரு கோப்பு முறையும் அந்தப் பொது ஐநோடோடு தன் சொந்தக் குறிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. அது முறைக்கு முறை மாறுபடும். ஆகவே, ஐநோடின் பொது அளவை இரு மடங்காக எடுத்துக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தார்கள். 64 பிட்டுக் கணிப்பொறி ஒன்றில் அந்தப் பொறியாளர் கணக்கிட்டபோது, காவல் பதிவும் இரண்டு ஐநோடுகளும் சேர்ந்து 1,284 பைட்டு வந்தன. துல்லியம் கிடைக்காத இடத்தில், சற்றுக் கூடுதலாக மதிப்பிட்டுப் பாதுகாப்பைத் தேடிக்கொள்ளும் பொறியியல் பழக்கத்தை இங்கே காண்க.

இனி நாமே கணக்கிடுவோம். 1 ஜிகாபைட்டு என்பது 107,37,41,824 பைட்டு. 8 ஜிகாபைட்டு நினைவகத்தில் 1 விழுக்காடு, ஏறத்தாழ 8,58,99,345 பைட்டு ஆகும். இதை 1,284ஆல் வகுத்தால் சுமார் 66,900 வரும். பழைய வரம்பைப் போல இது எட்டு மடங்குக்கும் மேல்!

512 மெகாபைட்டு உள்ள சிறு கணிப்பொறிக்கு இதே கணக்கைச் செய்தால் சுமார் 4,181 வருகிறது. இது பழைய 8,192இலும் குறைவு. புதிய கெர்னலை ஏற்றியதால், நேற்று வரை ஓடிய நிரல் இன்று ஓடாமல் போகக் கூடாது அல்லவா? ஆகவே, கணக்கு எவ்வளவு குறைவாக வந்தாலும் 8,192க்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஓர் அடிவரம்பு வைத்தார்கள். அதுபோலவே 10,48,576 என்ற மேல்வரம்பும் உண்டு. இது 2இன் 20ஆம் அடுக்கு. அத்தனை காவல்களுக்கும் 10,48,576 × 1,284 = சுமார் 135 கோடி பைட்டு, அதாவது ஏறக்குறைய 1¼ ஜிகாபைட்டு தேவை. இது 1 விழுக்காடாக இருக்க வேண்டுமானால், கணிப்பொறியில் ஏறத்தாழ 128 ஜிகாபைட்டு நினைவகம் இருக்க வேண்டும்.

செய்தி வரிசை நிரம்பினால்?

காவல்களுக்குச் சொன்ன கணக்கு, செய்திகளுக்கும் வேண்டும். ஒரு நொடியில் 10,000 மாற்றங்கள் நிகழ்கின்றன என்க. செய்திகளைப் படிக்கும் நிரல் நொடிக்கு 9,000 மட்டுமே படிக்க வல்லது. நொடிக்கு 1,000 செய்திகள் தேங்கும். ஒரு செய்திக்கு 100 பைட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் தேங்குவது 1,000 × 100 × 86,400 = 864 கோடி பைட்டு. 8 ஜிகாபைட்டு நினைவகம் முழுவதையும் இதுவே விழுங்கிவிடும். பள்ளியில் படித்த நீர்த்தொட்டிக் கணக்குதான் இது. நிரப்பும் குழாயின் வேகம் வடிகுழாயின் வேகத்தைவிடச் சிறிதளவு கூடினாலும் தொட்டி ஒருநாள் வழிந்தே தீரும்.

இதைத் தடுக்கக் கெர்னல் இரண்டு உத்திகளைக் கையாள்கிறது.

முதலாவது, ஒரே மாதிரியான செய்திகளைச் சேர்த்துவிடுவது. ஒரு நிரல் ஒரு கோப்பில் ஆயிரம் முறை எழுதுகிறது. "எழுதப்பட்டது", "எழுதப்பட்டது" என்று ஆயிரம் செய்திகள் வேண்டியதில்லை. வரிசையின் கடைசியில் படிக்கப்படாமல் இருக்கும் செய்தியும் புதிய செய்தியும் முற்றிலும் ஒன்றாக இருந்தால், புதியதைக் கெர்னல் விட்டுவிடுகிறது. கடைசிச் செய்தியோடு மட்டுமே ஒப்பிடுகிறது என்பதை நினைவில் கொள்க. வரிசை முழுவதையும் தேடினால் நினைவகம் மிச்சமாகலாம், நேரம் வீணாகும்.

இரண்டாவது, 16,384 செய்திகள் சேர்ந்ததும் நிறுத்திவிடுவது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் சுமார் 16 நொடிகளில் இந்த வரம்பு வந்துவிடும். அதன் பின் வரும் செய்திகள் கைவிடப்படுகின்றன. அப்படியானால், காவல் வைத்ததால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம்.

இந்த இடத்தில்தான் கெர்னல் மிக முக்கியமான ஒரு காரியத்தைச் செய்கிறது. செய்திகளைக் கைவிடும்போது, "வரிசை வழிந்தது" என்ற ஒரு தனிச் செய்தியை வரிசையின் இறுதியில் வைக்கிறது. இதைப் படிக்கும் நிரல், "சில செய்திகள் நமக்கு வராமல் போயின, இனி எல்லா அடைவுகளையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும்" என்று அறிந்துகொள்கிறது. அது மெதுவான வேலைதான். ஆனால் விடை சரியாக இருக்கும். தவறியது என்று தெரிந்தால் தேடிக்கொள்ளலாம். தவறியதே தெரியாவிட்டால், நகல் எடுக்கும் நிரல் ஒரு கோப்பை நகலெடுக்காமலே, "எல்லாம் பத்திரம்" என்று சொல்லிவிடும். அதற்குப் பிறகு வட்டு பழுதானால், அந்தக் கோப்பு போனது போனதுதான்.

வேறு ஒரு சிக்கலும் உண்டு. நினைவகம் அறவே தீர்ந்த நேரத்தில், "வரிசை வழிந்தது" என்ற செய்தியை எழுதவும் இடம் வேண்டுமே! கெர்னல் எழுதியவர்கள் இதையும் முன்கூட்டியே எண்ணினார்கள். செய்திப் பெட்டியை உருவாக்கும் போதே, இந்த ஒரு செய்திக்கான இடமும் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. எத்தனை செய்திகள் கைவிடப்பட்டாலும், வரிசையில் அது ஒருமுறைதான் நிற்கும். எனவே ஒன்றுக்கு மேல் தேவையும் இல்லை.

யார் கணக்கில் எழுதுவது?

பெரிய வழங்கிக் கணிப்பொறிகளில் பலருடைய வேலைகள் ஒருங்கே நடக்கின்றன. "இந்தக் குழுவின் நிரல்களுக்கு 2 ஜிகாபைட்டு, அந்தக் குழுவுக்கு 4 ஜிகாபைட்டு" என்று நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் வசதி, 2008இல் வெளிவந்த 2.6.25 பதிப்பிலிருந்து லினக்ஸில் உண்டு. ஆனால், காத்திருக்கும் செய்திகள் பிடிக்கும் இடம் நீண்ட காலம் எந்தக் குழுவின் கணக்கிலும் ஏறவில்லை. படிக்காமல் சோம்பியிருக்கும் ஒரு நிரல், தன் குழுவுக்குரிய அளவைத் தாண்டி, பொது நினைவகத்தைத் தின்றுகொண்டிருக்க இது இடம் தந்தது.

2018 அக்டோபரில் வந்த 4.19 பதிப்பு இதைச் சரி செய்தது. அப்போது ஒரு நியாயக் கேள்வி எழுந்தது. கோப்பை மாற்றுபவர் ஒருவர். அதைக் கண்காணிப்பவர் மற்றொருவர். செய்திக்கான இடத்தை யார் கணக்கில் எழுதுவது? செய்தி உருவாகும் நேரத்தில் இயங்கிக்கொண்டிருப்பது, கோப்பை மாற்றும் நிரல். அதன் கணக்கில் எழுதுவது எளிது. ஆனால் அது முறையாகாது. தன்னை யார் கண்காணிக்கிறார் என்பதுகூட அதற்குத் தெரியாது. செய்தியைப் படித்து இடத்தைக் காலி செய்யக் கூடியவர் கண்காணிப்பவரே. எனவே செலவு அவருடைய கணக்கில் ஏறும் என்று முடிவாயிற்று. எவரால் செலவைக் குறைக்க முடியுமோ அவரிடமே கணக்கைக் கொடுப்பது நல்ல விதி அல்லவா?

காவலைக் குறைக்கும் வழிகள்

வரம்பை உயர்த்துவது ஒரு வழி. காவல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது வேறொரு வழி. 2011 ஜனவரியில் வெளிவந்த 2.6.37 பதிப்பிலிருந்து 'ஃபேநோட்டிஃபை' என்ற மற்றொரு முறையும் லினக்ஸில் உண்டு. 2018 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பு முதல், அம்முறையில் ஒரு கோப்பு முறை முழுவதற்கும் ஒரே ஒரு காவலை வைக்கலாம். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காவலாளியை நிறுத்தாமல், தெரு முனையில் ஒருவரை நிறுத்துவது போன்றது இது. நினைவகம் மிகவும் மிச்சமாகும். ஆனால் மற்றவர்களின் கோப்புகளும் அந்தக் காவலின் பார்வையில் படும் என்பதால், கணிப்பொறியை நிர்வகிக்கும் உரிமை பெற்றவரே இதைச் செய்ய முடியும்.

தெரு முழுவதையும் பார்க்கும்போது தேவையற்ற செய்திகளும் வரும். "இந்த அடைவைப் பற்றிச் சொல்ல வேண்டாம்" என்று சில ஐநோடுகளுக்குப் புறக்கணிப்புக் குறி வைக்கலாம். அந்தக் குறியும் ஐநோடை நினைவகத்தில் கட்டிப் போட்டுவிடுமே என்று கேட்பீர்கள். 2022 ஜூலையில் வெளியான 5.19 பதிப்பு இதற்கும் வழி செய்தது. ஐநோடைக் கட்டாத குறி ஒன்றை அது கொண்டுவந்தது. நினைவகம் நெருக்கடியானால் கெர்னல் அந்த ஐநோடை நீக்கலாம். குறியும் உடன் போய்விடும். அதனால் வரும் கேடு, வேண்டாத சில செய்திகள் மீண்டும் வருவது மட்டுமே. நிரல் விரும்பினால் குறியை மறுபடி வைத்துக்கொள்ளலாம். இழந்தாலும் தவறு நேராத பதிவுகள் எவை, இழக்கவே கூடாத பதிவுகள் எவை என்று பிரித்துப் பார்த்ததால் கிடைத்த சிக்கனம் இது.

கணிப்பொறியின் நினைவகம் எவ்வளவு வளர்ந்தாலும் அது எல்லையுள்ள பொருளே. அதைப் பங்கிடும் கெர்னல் தன் சொந்தச் செலவையும் அளந்தே செய்ய வேண்டியிருக்கிறது. அளக்க வேண்டுமானால், ஒவ்வொன்றின் விலையும் தெரிய வேண்டும், வரம்பு வேண்டும், வரம்பு மீறும்போது அதை மறைக்காமல் சொல்லும் ஏற்பாடும் வேண்டும்.

பயிற்சிக் கணக்குகள்

1. 16 ஜிகாபைட்டு நினைவகம் உள்ள கணிப்பொறியில், 1 விழுக்காடு விதிப்படி ஒரு பயனர் ஏறத்தாழ எத்தனை காவல்கள் வைக்கலாம்? ஒரு காவலின் விலை 1,284 பைட்டு.

2. நொடிக்கு 500 செய்திகள் வருகின்றன. நிரல் நொடிக்கு 100 செய்திகளைப் படிக்கிறது. 16,384 இடங்கள் கொண்ட வரிசை எவ்வளவு நேரத்தில் நிரம்பும்?

3. செய்திகளை எந்த நிரலும் படிக்கவில்லை. (அ) ஒரே கோப்பில் 1,000 முறை தொடர்ந்து எழுதினால், வரிசையில் எத்தனை 'எழுதப்பட்டது' செய்திகள் நிற்கும்? (ஆ) இரண்டு கோப்புகளில் மாறி மாறி, ஒவ்வொன்றிலும் 1,000 முறை எழுதினால்?

விடைகள்: 1. சுமார் 1,33,800. 2. தேங்குவது நொடிக்கு 400. ஆகவே சுமார் 41 நொடிகள். 3. (அ) ஒன்று. (ஆ) 2,000, கெர்னல் கடைசிச் செய்தியோடு மட்டுமே ஒப்பிடுவதால், மாறி மாறி வரும் செய்திகள் ஒன்றோடொன்று சேரா.